முதுகு நடுவில் இரண்டு முடி

மின்சாரம் நேரம் பார்த்துப் போயிற்று. கமலவேணி இடது கண்ணை நுண்ணோக்கிக் குழாயில் வைத்து, ஸ்லைடுக்குள் குப்புறக் கிடந்த பேனின் முதுகை ஓரமாக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு நடுவுக்கு வரப்போன சமயத்தில் விளக்கு அணைந்தது. மேலே மின்விசிறி இரண்டு மூன்று சுற்று வேண்டாவெறுப்பாகச் சுற்றி நின்றது, பக்கத்து அறைக் குளிர்பதனப் பெட்டி முனகலை விட்டது. அவள் கண்ணை எடுக்கவில்லை. குழாய்க்குள் ஒன்றுமில்லை என்று தெரிந்தும் அந்த ஒன்றுமில்லாததையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள், ஏனென்றால் கண்ணை எடுத்துவிட்டால் நாற்காலி, மேசை, ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே திராட்சைப் பந்தல் என்று எல்லாம் வரும், எல்லாம் வந்தால் யோசனையும் வரும். அப்படியும் வந்தது. இந்த ஸ்லைடு முப்பது வருஷத்துக்கு முந்தையது. அவளே பிடித்து, அவளே பதித்து, அவளே வரைந்தது. முதுகு நடுவில் ஒரு ஜோடி முடி உண்டு, மற்றதெல்லாம் சாட்டை மாதிரி நீளம், இது ஒன்று மட்டும் பொடி. பழைய படம் வலது பக்கம் மேசைமேல் கிடக்கிறது, அதில் அந்தப் பொடி முடி இரண்டும் இரண்டு சின்னக் கோடாக இருக்கின்றன, மை கொஞ்சம் பழுப்பேறியிருக்கிறது. இப்போது இதே ஸ்லைடில் அவை தெரிந்தால் சந்தோஷம். போன மாதம் கொடிகளில் பிடித்த மூன்று பெண் பேன்களுக்கும் நடுமுதுகு மொட்டையாக இருப்பது உண்மை என்று ஆகும், இந்தக் குடும்பத்தில் ஒரு புது இனம் சேரும், எழுதி முடித்த கட்டுரை நாளைக்குப் போகும். தெரியாவிட்டால் மொட்டை பேனின் முதுகில் இல்லை, அவள் கண்ணில். அதற்கு மேல் யோசிக்காமல் அவள் குழாயிலிருந்து முகத்தை எடுத்தாள்.

ஜெசிந்தா வாசலில் நின்றாள். கூட வேலை பார்ப்பவள், முப்பத்தைந்து வயது, பேனை இலையிலிருந்து தூரிகை நுனியால் எடுப்பதில் இந்த ஆராய்ச்சி நிலையத்தில் அவளுக்கு நிகர் கிடையாது. டிரான்ஸ்பார்மரில் ஏதோ வெடித்துவிட்டதாம், லைன்மேன் சாப்பிடப் போயிருக்கிறாராம், வந்துதான் ஏறுவாராம். இன்வெர்ட்டர் குளிர்பதனப் பெட்டிக்கே பத்தவில்லை என்று சொல்லிவிட்டு, நுண்ணோக்கியைப் பார்த்தாள். பழைய காலத்து ஒற்றைக் குழாய். முன்பு அடியில் ஒரு வட்டக் கண்ணாடி இருந்து வெயிலை வாங்கி மேலே அனுப்பும், பிறகுதான் விளக்கு வைத்தார்கள். அந்தக் கண்ணாடி இழுப்பறையில் இருக்கிறது, மாட்டித் தரவா என்று கேட்டாள். வேண்டாம், வெளிச்சம் பத்தாது என்றாள் கமலவேணி. வெளியே கம்பம் பள்ளத்தாக்கு முழுக்க வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. ஜெசிந்தா ஜன்னலைப் பார்த்தாள், மேடத்தைப் பார்த்தாள், சரிங்க மேடம் என்று போய்விட்டாள்.

வெளிச்சம் பத்தாதாம். பொய் சொன்னால் கொஞ்சம் பொருந்தச் சொல்ல வேண்டாமா. அறையின் மூலையில் உறை போட்டு நிற்கிறது புது நுண்ணோக்கி, இரண்டு குழாய், மேலே கேமரா, பக்கத்தில் திரை. வாங்கிய நாளிலிருந்து கமலவேணி அதைத் தொட்டதே இல்லை. திரையில் பார்ப்பது பேனைப் பார்ப்பது ஆகாது, டி.வி. பார்ப்பது என்பாள். அவளுக்கு வழிகாட்டிய பேராசிரியர் சொல்லிக்கொடுத்த முறை வேறு. இடது கண் குழாயில், வலது கண் தாளில், இரண்டும் திறந்திருக்க வேண்டும். முதலில் தலை வலிக்கும், வாந்தி வரும். ஒரு மாதம் போனால் பேன் குழாயைவிட்டு இறங்கித் தாளில் வந்து படுத்துக்கொள்ளும், அதன் மேலேயே பேனாவை ஓட்டலாம். இடது கண் பார்க்கும், வலது கண் எழுதும். முப்பது வருஷத்தில் ஒரு நாளாவது வலது கண்ணைக் குழாயில் வைத்ததுண்டா என்று கேட்டால் இல்லை. ஒரு நாளாவது இடது கண்ணை மட்டும் வைத்து ஒரு வரி படித்ததுண்டா என்றால் அதுவும் இல்லை. யார் அப்படிச் செய்வார்கள். கண் இரண்டும் ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுத்துக்கொண்டு செய்தித்தாள் படிக்கிறது, சாம்பாரில் உப்பு போடுகிறது, பேருந்தின் பலகை பார்க்கிறது. எது நொண்டுகிறது என்று வெளியே தெரிவதில்லை. இன்று காலையில் தெரிந்தது. குளிக்கும்போது வலது கண்ணில் சோப்பு பட்டு அதை மூடிக்கொண்டு சொம்பைத் தேடினாள், எதிர்ச் சுவரின் டைல்ஸ் கோடு நடுவில் ஓரிடத்தில் குழைந்து, வளைந்து, மறுபடி நேராகப் போயிற்று. கண்ணைக் கழுவிக்கொண்டு இரண்டு கண்ணாலும் பார்த்தாள், கொத்தனார் நன்றாகத்தான் ஒட்டியிருந்தார். தலையைத் துவட்டிக்கொண்டு, சேலை கட்டி, தோசை தின்று, வந்து, பூட்டிய அலமாரியிலிருந்து இந்தப் பழைய ஸ்லைடை எடுத்தாள். ஏன் என்று ஜெசிந்தா கேட்டதற்கு ஒப்பிட என்றாள். அது பொய் இல்லை.

கோடு வளைவது அவளுக்குப் புதிதில்லை. அப்பாவுக்கு வளைந்தது. அப்பா பெருமாள்சாமி தனியார் பஸ் கம்பெனியில் டைம் கீப்பர், உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி, தேனி என்று நிறுத்தங்களைத் தூக்கத்திலும் வரிசை மாறாமல் சொல்வார். பேனின் முதுகு முடிகளுக்கு இட்ட எழுத்தையும் எண்ணையும் அவள் அதே ராகத்தில்தான் மனப்பாடம் செய்தாள். ஓய்வு பெற்றபின் வீடு கட்டினார். நிலை வைத்த அன்று ஆசாரியோடு சண்டை. நிலை வளைஞ்சிருக்கு என்றார். ஆசாரி தூக்குக் குண்டைத் தொங்கவிட்டுக் காட்டினான், நூல் நிலையோடு ஒட்டி நேராகத் தொங்கியது. அப்பா வாயில் வெற்றிலையோடு உற்றுப் பார்த்துவிட்டு, நூலும் வளைஞ்சிருக்குடா என்றார். எல்லோரும் சிரித்தார்கள், கமலவேணியும் சிரித்தாள், அப்பாவுக்கு எதிலும் குற்றம் கண்டுபிடிக்காவிட்டால் சாப்பாடு இறங்காது என்று அம்மா சொன்னாள். மூன்று வருஷம் கழித்து அவர் பேப்பரை எடுக்கிறார், மடிக்கிறார், வைக்கிறார், ரேடியோவைப் போடுகிறார். நேரே பார்த்தால் ஆள் இல்லை, பக்கத்தில் பார்த்தால் ஆள் இருக்கு என்று ஒருநாள் சொன்னார். அதற்கும் யாரோ சிரித்தார்கள். தூக்குக் குண்டு தோற்றுப்போனதற்கு வைத்தியம் பார்க்க வேண்டும் என்று வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை, பேனின் முதுகில் முடி எண்ணிக்கொண்டிருந்த மகளுக்கும் தோன்றவில்லை. பெங்களூரில் இருக்கும் தம்பி இன்னும் கண்ணாடி போடவில்லை, போன தீபாவளிக்கு ஊசியில் நூல் கோத்துக் காட்டினான். இந்தப் பேன்களிலும் அப்படித்தான் ஒரு கூத்து உண்டு. கருவாகி இரண்டொரு நாளிலேயே ஆண் குஞ்சு, தகப்பன் வழி வந்த பங்கை முழுக்க ஒதுக்கித் தள்ளிவிடும், தாய் கொடுத்ததை வைத்தே பிழைத்துக்கொள்ளும். பெண் குஞ்சுதான் தகப்பன் கொடுத்ததையும் கடைசிவரை சுமக்கும். மாணவர்களுக்கு இதைச் சொல்லும்போதெல்லாம் ஆண் பிள்ளைகள் சிரிப்பார்கள். மனிதர்களுக்கு அப்படி இல்லை, தம்பிக்கும் பங்கு உண்டு, அது விழுந்த இடம் வேறு, அவ்வளவுதான் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் நினைப்பு அந்தப் பக்கமே போய் மோதியது.

புது இனத்துக்கு அவள் வைத்திருந்த பெயர் அப்பா பெயர். பெருமாள்சாமி, கடைசியில் லத்தீன்காரனுக்காக ஓர் ஈகாரம். பாசத்தில் பொங்கி வைத்ததில்லை, பள்ளத்தாக்கின் பெயரை ஏற்கெனவே வேறொரு பேனுக்குக் கொடுத்தாகிவிட்டது, அடுத்து நினைவுக்கு வந்தது இது. இப்போது நினைத்தால் ஒரு மாதிரியாக இருக்கிறது. அப்பா கொடுத்த கண்ணால் இல்லாமல் போன முடியை வைத்து அப்பா பெயரில் ஓர் இனம். உட்கார்ந்து யோசித்தாலும் இப்படி ஒரு கேலி யாருக்கும் கிடைக்காது. அவள் சிரிக்கவில்லை, ஆனால் கேலி என்பது புரிந்தது. சொந்தக்காரர்கள் கேட்கட்டும், ஏற்கெனவே அவளைப் பேன் டாக்டர் என்கிறார்கள். ஒரு கல்யாண வீட்டில் தலையில் பேன் அரிக்குது, நல்ல எண்ணெய் இருந்தா சொல்லும்மா என்று ஒரு அத்தை கேட்டாள். அது வேற அத்தே, இது இலையில இருக்கிறது, திராட்சை இலையைச் செம்பேன் உறிஞ்சுதுல்ல, அதைப் பிடிச்சுத் தின்கிற வேட்டைப் பேன் என்று விளக்கினாள். பேனுக்குப் பேனா என்று அத்தை முகவாயில் கை வைத்தாள். அரை உப்புக்கல் பருமன்கூட இல்லாத உடம்பு, முதுகில் ஒரு தகடு, தகட்டில் இத்தனை ஜோடிக்கு மிகாமல் முடி. அந்த முடிக்கணக்கு மிகாததால்தான் அது இந்தக் குடும்பம், மிகுந்தால் பக்கத்துக் குடும்பம். எந்த முடி உண்டு, எது இல்லை என்பதை வைத்தே கிளை, கிளைக்குள் இனம். எண்ணத் தெரிந்தவர்களுக்கு அது ஓர் ஊர், எல்லா வீட்டையும் கதவோடு தெரியும். ஒரு முடியைத் தவறவிட்டவர்களின் பெயர்களும் தெரியும்.

மார்த்தாண்டன் அப்படித் தவறவிட்டவர். தெற்கே ஒரு கல்லூரியில் பேராசிரியர், அவளைவிடப் பதினைந்து வயது மூத்தவர். எலுமிச்சை இலையிலிருந்து ஒரு புது இனம் எழுதினார், முதுகில் ஒரு ஜோடி இல்லை என்று. கமலவேணி ஸ்லைடை வரவழைத்துப் பார்த்தாள். இருந்தது. பொடியாக, தெளிவாக, இரண்டும். அப்போது அவளுக்கு இளரத்தம், கை துறுதுறுக்கும் வயது. ஒரே ஒரு வரி எழுதினாள், முடி இருக்கிறது, ஆகவே இந்த இனம் இல்லை. அந்த வரியைப் பலர் ரசித்தார்கள், அவளும் ரசித்தாள். அடுத்த வருஷம் ஒரு கருத்தரங்கில் சாப்பாட்டு வரிசையில் தட்டோடு நின்றவர் திரும்பி, நீங்க சொன்னது சரிதாம்மா என்றார். பிறகு, தயிர்சாதம் வாங்கிக்கொண்டு, தணிந்த குரலில் இன்னொன்று சொன்னார்.

"நான் பாத்தேம்மா. தெரியலை."

சாக்குச் சொல்கிறார் என்று நினைத்தாள். சரியாகப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும், தெரியவில்லை என்றால் பார்க்கவில்லை, அதில் மூன்றாவதாக ஒன்றுக்கு இடமே இல்லை. பரவாயில்லைங்க சார் என்று சொல்லிவிட்டு ஊறுகாய்ப் பக்கம் நகர்ந்தாள். அவர் அப்புறம் எதுவும் எழுதவில்லை, சீக்கிரமே ஓய்வு வாங்கிக்கொண்டார் என்று கேள்வி. தட்டை அவர் எப்படிப் பிடித்திருந்தார், பரிமாறுகிறவன் முகத்தைப் பார்த்தாரா அவன் தோளைப் பார்த்தாரா என்று இப்போது ஞாபகப்படுத்திப் பார்த்தாள். தோளைத்தான் பார்த்த மாதிரி இருந்தது. ஞாபகத்தை நம்ப முடியாது, தேவைப்பட்டதை அது வரைந்து கொடுத்துவிடும். போன மாதம் மூன்று பேன்களையும் பார்த்தபோது, முதுகின் நடுவை நேரே பார்க்கையில் வழவழவென்று இருந்தது, பார்வையை ஓரத்துக்கு நகர்த்தும் ஒரு கணத்தில் அங்கே ஏதோ பொடியாக இரண்டு இருந்து, திரும்பிப் பார்த்தால் இல்லை. தூசி என்று நினைத்தாள். தூசி ஜோடியாக உட்காராது என்பது அவளுக்குத் தெரியாதா. மூன்று ஸ்லைடிலும் ஒரே இடத்தில் உட்காருமா. புதிது வேண்டும் என்று மனம் ஆசைப்பட்டுவிட்டால் கண்ணைத் தனியாகக் குற்றம் சொல்ல முடியாது.

பயம் என்று அதைச் சொல்லலாம். வேலையில் இன்னும் இரண்டு வருஷம் பாக்கி. அதற்கப்புறமும் ஜன்னலோரம் ஒரு மேசை போட்டு இந்தக் குழாயை வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தாள், வேறு எதற்கும் அவளுக்கு ஆசை வந்ததில்லை. கல்யாணம் பேசி வீடு பார்க்கப் போனபோதுகூட மாப்பிள்ளையைவிட மாப்பிள்ளை வீட்டுக் கொய்யா மரத்தின் இலையடியைத்தான் திருப்பிப் பார்த்தாள், சம்பந்தம் அதோடு நின்றது. நல்ல இலை அது. அடியில், நரம்பு பிரிகிற மூலையில், பேன் பதுங்க இடம் இருந்தது. சில மரங்கள் அங்கே குழி வைத்து, குழிக்கு மேலே முடி வளர்த்து, வேட்டைப் பேனுக்கு வீடே கட்டிக் கொடுக்கும். செம்பேன் வந்து உறிஞ்சினால் இலை ஒரு வாசனை விடும், அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டு இவை வந்துவிடும். செம்பேன் இல்லாத காலத்தில் மகரந்தத்தைத் தின்று காலம் தள்ளும். ஒன்றுமே கிடைக்காவிட்டால் இலை விளிம்புக்குப் போய், முன்னங்கால் இரண்டையும் தூக்கிக்கொண்டு நிற்கும், காற்று வந்து கொண்டுபோகட்டும் என்று. எங்கே இறக்கிவிடும் என்று தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை, ஏனென்றால் அவற்றுக்குக் கண்ணே கிடையாது. முதல் ஜோடிக் காலை நடக்கப் பயன்படுத்தாமல் முன்னால் நீட்டித் தடவிக்கொண்டே போகும். முப்பது வருஷமாகக் கண்ணில்லாத ஒன்றைக் கண்ணால் எண்ணிக்கொண்டிருந்தோம் என்று தோன்றியது. அதில் ஆறுதல் இருக்கிறதா என்று புரட்டிப் பார்த்தாள். இல்லை. பேன் பேன்தான், அதற்குப் படம் வரைய வேண்டியதில்லை.

இழுப்பறையைத் திறந்தாள். வட்டக் கண்ணாடி, பக்கத்தில் நகப் பூச்சுச் சீசாக்கள், சிவப்பு, மெரூன், ஒன்று வெள்ளி. ஸ்லைடின் மேல்மூடி காற்றுப் புகாமல் ஓரம் அடைக்க அதைவிட நல்ல சாமான் இல்லை. நகத்தில் ஒரு நாளும் பூசியதில்லை, ஆனால் கம்பத்து ஃபேன்சி ஸ்டோர்க்காரர் அவளைப் பார்த்ததும் புது நிறம் வந்திருக்கு மேடம் என்பார். கண்ணாடியை எடுத்து ஜன்னல் பக்கம் திருப்பினாள், சுவரில் வெயில் வட்டமாக விழுந்தது. மாட்ட ஒரு திருகாணிதான். மாட்டலாம். மாட்டினால் பார்க்க வேண்டும். அதைத் திரும்ப வைத்து இழுப்பறையை மூடினாள், மூடிய கையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். வெளியே பந்தலுக்கடியில் மருந்தடிப்பவர்கள் யாரையோ கூப்பிட்டார்கள். அப்போது மின்விசிறி ஒரு இழுப்பு இழுத்துச் சுற்றத் தொடங்கியது. லைன்மேன் நல்ல மனிதர், சாப்பாட்டைச் சீக்கிரம் முடித்துவிட்டார்.

விளக்கு எரிந்தது. கமலவேணி இடது கண்ணை வைத்தாள். முதுகு ஓரம் துல்லியமாக இருந்தது, சாட்டை முடிகள் ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில், ஒவ்வொன்றின் பெயரும் தானாக வாய்க்குள் ஓடியது, சின்னமனூர், வீரபாண்டி. நடுவுக்கு வந்தாள். வழவழவென்று இருந்தது. நுண் திருகை மேலே கொண்டுபோனாள், கீழே கொண்டுவந்தாள், தகட்டின் தோல் தெளிந்து மங்கி மறுபடி தெளிந்தது, அங்கே ஒன்றும் இல்லை. வலது பக்கத்துப் படத்தில் இரண்டு கோடு இருந்தது. முப்பது வருஷத்தில் பேன் முடியை உதிர்த்திருக்காது, செத்துப்போனது எதையும் உதிர்ப்பதில்லை. அவள் தலையைக் கொஞ்சம் இடது பக்கம் நகர்த்தி, வாழ்க்கையில் முதல் தடவையாக, வலது கண்ணைக் குழாயில் வைத்தாள். முதலில் இமைமுடிதான் தெரிந்தது, அந்தக் கண்ணுக்குப் பழக்கம் இல்லை. பிறகு வெளிச்சம் வட்டமாகக் கூடியது, வட்டத்துக்குள் பேன் கூடியது, பேனின் முதுகு நடுவில் இரண்டு முடி இருந்தன. வரைந்தபடியே இருந்தன. அவற்றைப் பார்த்துச் சந்தோஷமாகக்கூட இருந்தது, அதுதான் வினோதம். ஸ்லைடை எடுத்துவிட்டு மூன்று புது ஸ்லைடுகளையும் ஒன்றன்பின் ஒன்றாக வைத்தாள். மூன்றிலும் இருந்தன.

ஜெசிந்தாவைக் கூப்பிட்டாள். என்ன தெரிகிறது என்று சொல்லாமல், நடுமுதுகைப் பார் என்றாள். ஜெசிந்தா குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தபோது அவள் முகத்தில் ஆச்சரியம் இல்லை, சங்கடம் இருந்தது.

"இருக்கு மேடம், ரெண்டும். அன்னைக்கே இருந்த மாதிரி இருந்துச்சு. நீங்க இல்லைன்னதும் தூசின்னு நினைச்சுக்கிட்டேன்."

கமலவேணிக்குக் கோபம் வரவில்லை. மேடம் இல்லை என்றால் இல்லை, முப்பது வருஷமாக இந்த அறையின் சட்டம் அது, சட்டம் போட்டவள் அவள். அப்ப இது புதுசு இல்லையா மேடம் என்று ஜெசிந்தா கேட்டாள். இல்லை, பழசுதான், கட்டுரையை அனுப்ப வேண்டாம் என்றாள். எப்படி மேடம் விட்டோம் என்று அவள் தயங்கித் தயங்கிக் கேட்க, நீ விடவில்லை என்று சொல்லி, அதற்குமேல் ஒரு விளக்கம் சொல்ல வாயெடுத்தாள். டைல்ஸ், சோப்பு, ஆசாரியின் தூக்குக் குண்டு எல்லாம் வரிசையாக வந்து நின்றன. ஆனால் வாயில் வந்தது வேறொருவர் சொன்னது, அது அவருடையது என்று சொன்ன பிறகுதான் அவளுக்கே தெரிந்தது.

"நான் பாத்தேன், ஜெசி. தெரியலை."

மதுரைக்கு நாளைக்கே போகலாமா மேடம், நானும் வர்றேன், கண் ஆஸ்பத்திரியில எங்க அக்கா நர்ஸா இருக்கா என்றாள் ஜெசிந்தா. போகலாம் என்றாள் கமலவேணி. இப்போது ஊசி போடுகிறார்களாம், வந்ததை வந்த இடத்தில் நிறுத்திவைக்க முடியுமாம், அப்பா காலத்தில் அது இல்லை. போனது வராது. நாளைக்கு அதைப் பார்க்கலாம், இன்றைக்கு இந்தப் படம் தப்பாகக் கிடக்கக் கூடாது. புதுப் பேனின் படத்தை எடுத்து, வழக்கமான வலது பக்கத்தை விட்டு, நுண்ணோக்கிக்கு இடது பக்கம் வைத்தாள். வலது கையைக் குறுக்கே நீட்டிப் பேனாவைப் பிடித்தாள். வலது கண் குழாயில், இடது கண் தாளில். தலை வலித்தது. மெல்ல மெல்லப் பேன் இறங்கி வந்து, படத்தின் மேல் படுத்தது, நடுமுதுகில் இரண்டு முடியோடு. அவள் பேனா முனையை முதல் முடிக்குக் கொண்டுபோனாள், அங்கே போய்ச் சேர்ந்ததும் முனை காணாமல் போயிற்று. பேனா இருந்தது, பிடித்திருந்த விரல்கள் இருந்தன, நகம் இருந்தது, எழுதும் இடம் மட்டும் இல்லை. எடுத்து மறுபடி வைத்தாள், மறுபடி இல்லை. கை தாளின் சொரசொரப்பை உணர்ந்தது. அதை வைத்துக்கொண்டு கீழ்நோக்கி ஒரு கோடு இழுத்தாள், பக்கத்தில் தடவி இன்னொன்று இழுத்தாள். இழுத்த பிறகும் கண்ணை எடுக்காமல், விழுந்திருக்கா என்று கேட்டாள்.

"விழுந்திருக்கு மேடம்" என்றாள் ஜெசிந்தா.